வெப்பமானி 71.4 காட்டினால் என்ன செய்வது?

கேள்வி:

உணவு அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இது இரண்டாம் ஆண்டு. என் ஆராய்ச்சி நுண்ணுயிரியலில். வரும் செமஸ்டரில் உணவுப் பாதுகாப்பும் ஒழுங்குமுறைச் சட்டங்களும் என்ற பேப்பரை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். முன்பு நடத்தியவரின் ஸ்லைடுகளில் சட்டப் பிரிவுகளும் எண்களும்தான் இருக்கின்றன. மாணவர்கள் அதை ஒப்பித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் போன வருடம் படித்து முடித்து ஒரு பால் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த மாணவி போன் செய்து, "ஹாசப்போட ஏழு கோட்பாடும் தலைகீழா சொல்வேன் மேடம். ஆனா நைட் ஷிஃப்ட்ல வெப்பமானி 72-க்குப் பதிலா 71.4 காட்டினப்போ என்ன செய்யறதுன்னே தெரியல" என்றாள். (ஹாசப் என்பது உணவு தயாரிப்பின் ஒவ்வொரு படியிலும் ஆபத்தைக் கண்டறிந்து கட்டுப்படுத்தும் முறை.) இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது? சட்டம் படிக்காத நான் இதை நடத்தலாமா? எங்களிடம் பெரிய ஆய்வகமோ மாதிரி ஆலையோ இல்லை. தேர்வை எப்படி வைப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மாணவி போனில் கேட்டது ஒரு செமஸ்டருக்கான பாடம். அந்த ஒரு கேள்வியை முழுதாகப் பிரித்துப் பார்த்தால் உங்கள் சிலபஸில் முக்கால்வாசி அதற்குள் வந்துவிடும். அதனால் முதல் வகுப்பையே அதில் தொடங்குங்கள். பாடத்தின் நோக்கம், வரையறைகள், சட்டங்களின் வரலாறு எல்லாம் பிறகு வரட்டும். கரும்பலகையில் எழுதுங்கள்: "இரவு 2.10. பாலைச் சூடாக்கிக் கிருமியை அழிக்கும் பாஸ்டரைசரின் வெளியேறும் முனையில் வெப்பநிலை 71.4 பாகை. நீங்கள்தான் பொறுப்பு. அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?"

வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி, "0.6 பாகைதானே, பரவாயில்லை" என்னும். இன்னொரு பாதி, "எல்லாப் பாலையும் கொட்டிவிட வேண்டும்" என்னும். இரண்டு பேரையும் கணக்குப் போடச் சொல்லுங்கள். தொடர் ஓட்ட முறையில் 72 பாகையில் 15 விநாடி என்பது விதி. கிருமியை அழிக்கும் வேகம் பத்து மடங்கு மாற எத்தனை பாகை வேண்டும் என்பதைச் சொல்லும் இசட் மதிப்பை 7 என்று வைத்துக்கொண்டால், 71.4 பாகையில் 15 விநாடி வைத்திருப்பது 72 பாகையில் ஏறத்தாழ 12.3 விநாடி வைத்திருப்பதற்குச் சமம். அழிக்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட போய்விட்டது. பால் விஷமாகிவிடவில்லை. ஆனால் சட்டப்படி அது இப்போது பாஸ்டரைஸ் செய்த பால் இல்லை.

அறிவியல் ஒரு பதில் சொல்கிறது, ஒழுங்குமுறை வேறொரு பதில் சொல்கிறது, இரண்டுமே சரி. இந்த இடத்தில் மாணவர்களுக்குக் குழப்பம் வரும், வரட்டும். அவசரமாக நீங்கள் தீர்த்து வைக்காதீர்கள். அவர்களிடமிருந்தே கேள்விகள் வரத் தொடங்கும். வெப்பமானி சரியாகத்தான் காட்டுகிறதா? கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்தார்கள்? அதன் பிழை வரம்பு அரை பாகை என்றால், 71.4 என்பது உண்மையில் 70.9 ஆகவும் இருக்கலாமே? எல்லைக்குக் கீழே போனால் பாலைத் தானாகவே திருப்பி அனுப்பும் வால்வு இருக்க வேண்டுமே, அது ஏன் வேலை செய்யவில்லை? கடைசியாக 72-க்கு மேல் காட்டியது எத்தனை மணிக்கு? அதற்கும் இப்போதைக்கும் இடையில் ஓடிய பால் எந்தத் தொட்டியில் இருக்கிறது? அது லாரியில் ஏறிவிட்டதா?

பதில் இந்தக் கேள்விகளின் வரிசையில்தான் இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்து அல்லது திருப்பு. கடைசி நல்ல அளவீட்டுக்குப் பிறகு வந்த சரக்கு முழுவதையும் பிரித்து நிறுத்தி வை. காரணத்தைத் தேடு. நிறுத்தி வைத்ததை என்ன செய்வது என்பதை அதற்கு அதிகாரம் உள்ளவர் முடிவு செய்யட்டும், பெரும்பாலும் மறுபடி பதப்படுத்துவார்கள். நடந்ததை நடந்த நேரத்திலேயே எழுது. கண்காணிப்பு, திருத்த நடவடிக்கை, சரிபார்ப்பு, பதிவேடு என்று மாணவர்கள் ஒப்பித்த கோட்பாடுகள் எல்லாம் இப்போது பெயரோடு வந்து நிற்கும். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். தேவையை உணர்ந்த பிறகு கேட்கும் பெயர் மறக்காது.

இன்னொன்றையும் அந்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல ஆலைகள் 72-ல் ஓட்டுவதில்லை, 74, 75 என்று சற்று மேலேயே வைத்திருப்பார்கள். சட்ட எல்லை வேறு, இயக்கும் எல்லை வேறு. இடையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று பாகைதான் இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறது. உங்கள் மாணவி தவித்ததற்கு அவளுடைய படிப்பு மட்டும் காரணமாக இருந்திருக்காது. அந்த இடைவெளி இல்லாமல் இயந்திரத்தை ஓட்டியவர்களுக்கும் பங்கு இருக்கலாம். அவளிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

சரி, சட்டம் படிக்காத நீங்கள் இதை நடத்தலாமா? தாராளமாக. வழக்காடுவதற்கு வழக்கறிஞர் வேண்டும். ஆனால் உணவுச் சட்டத்தில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களின் ஆய்வுமேசையிலிருந்து போனவை. நுண்ணுயிரியல் படித்தவர் என்பது உங்களுக்குப் பெரிய பலம். ஒவ்வொரு விதியையும் அதன் பின்னால் இருக்கும் ஆபத்திலிருந்து தொடங்கி நடத்துங்கள். இந்த விதி எதைத் தடுக்க வந்தது, எந்தக் கணக்கில் இந்த எண் வந்தது, இது இல்லாவிட்டால் யார் படுக்கையில் விழுவார்கள் என்று போனால் பிரிவு எண்கள் பின்னாலேயே வந்துவிடும்.

டப்பாவில் அடைத்த, அமிலம் குறைந்த உணவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க விதிகளில் 4.6 என்ற பிஹெச் எண், அதாவது அமிலத்தன்மையின் அளவு, வருகிறது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் அதற்குக் கீழே முளைத்து வளர்ந்து நச்சை உண்டாக்குவதில்லை. அதற்கு மேலே என்றால் ரிட்டார்ட் என்ற அழுத்தக் கலனில் வைத்துக் கொல்ல வேண்டும். எவ்வளவு நேரம்? 121.1 பாகையில் அந்த வித்துகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைய 0.21 நிமிடம். அதைப் பன்னிரண்டு முறை குறைக்க வேண்டும் என்பது ஏற்றுக்கொண்ட அளவு. பெருக்கினால் 2.52 நிமிடம், நடைமுறையில் 3 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இதன் அடிப்படை எஸ்டி, மேயர் இருவரும் 1922-ல் வெளியிட்ட வேலையிலிருந்து வருகிறது. மாணவர் இந்தப் பெருக்கலைத் தன் கையால் போட்டுவிட்டால், அந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

எண்கள் மாறும் என்பதையும் காட்டுங்கள். அமெரிக்காவில் பாலைத் தொட்டியில் அரை மணி நேரம் சூடாக்கும் முறைக்கு முன்பு 61.7 பாகை போதும் என்று இருந்தது. கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா அந்த வெப்பத்தைத் தாங்கிப் பிழைக்கக்கூடும் என்று தெரிந்ததும் 1956-ல் 62.8 ஆக உயர்த்தினார்கள். ஒரு பாகை மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கிருமியின் கதை முழுதாக இருக்கிறது.

ஆனால் எல்லா எண்ணும் ஆய்வகத்திலிருந்து மட்டும் வருவதில்லை. இதை மறைத்து நடத்தினால் மாணவர்களை ஏமாற்றுவது போலாகும். நான் இங்கேதான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். உணவு வழியே நோய் தரும் லிஸ்டீரியா என்ற கிருமியைப் பாருங்கள். அப்படியே சாப்பிடக்கூடிய உணவில், கிருமி அதில் வளராது என்றால், ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிராமுக்கு 100 வரை அனுமதிக்கிறது. அமெரிக்கா 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. ஒரே கிருமி, ஒரே மாதிரி மனிதர்கள், இரு பக்கமும் திறமையான விஞ்ஞானிகள். அப்புறம் ஏன் வேறுபாடு? நோய் பெரும்பாலும் கிருமி மிக அதிகமாக இருக்கும் உணவால்தான் வருகிறது, கவனத்தை அங்கே குவிப்போம் என்பது ஒரு வாதம். பூச்சியம் என்று சொன்னால்தான் ஆலை சுத்தமாக இருக்கும் என்பது இன்னொன்று. பூச்சியம் என்று சொன்னால், கண்டுபிடித்துவிடுவோமோ என்ற பயத்தில் ஆலைகள் சோதிக்கவே தயங்கும் என்பது அதற்கு எதிர்வாதம். வகுப்பை இரண்டு அணியாக்கி வாதாட விடுங்கள். பாதியில் அணிகளை மாற்றிவிடுங்கள். இடரை மதிப்பிடுவது ஒரு வேலை, அதை வைத்து முடிவெடுப்பது வேறு வேலை என்பது அப்போதுதான் மனதில் உறைக்கும்.

இதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் ராக்டோபமின். கால்நடையின் தீவனத்தில் சேர்க்கும் மருந்து. கோடெக்ஸ் ஆணையம் என்பது உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்தது, 1963 முதல் இயங்குகிறது. பொதுவாக ஒருமித்த கருத்தில் முடிவெடுக்கவே பார்க்கும். இறைச்சியில் ராக்டோபமின் எவ்வளவு எஞ்சியிருக்கலாம் என்ற அளவை நிர்ணயிக்க 2012-ல் வாக்கெடுப்புக்கே போக வேண்டி வந்தது. ஆதரவு 69, எதிர்ப்பு 67. இரண்டே வாக்கில் ஒரு உலகத் தரம் பிறந்தது. அறிவியல் மதிப்பீடு இரு தரப்பின் மேசையிலும் ஒன்றுதான். உலக வர்த்தக அமைப்பின் சுகாதார நடவடிக்கைகள் ஒப்பந்தம் 1995-ல் வந்த பிறகு, நாடுகளுக்கிடையே தகராறு வந்தால் கோடெக்ஸ் தரத்தை அளவுகோலாக எடுக்கிறார்கள். அதனால்தான் அந்த இரண்டு வாக்குக்கு அவ்வளவு போராட்டம். "வர்த்தகம்" என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணை மூடும் மாணவர்கள்கூட இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நல்ல நோக்கத்தோடு வந்த விதி எதிர்பாராத பக்கம் போவதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் எள்ளை முக்கிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் சேர்த்து 2021-ல் சட்டம் வந்தது, 2023 ஜனவரி முதல் நடைமுறை. எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நிம்மதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஒரே ஆலையில் எள் உள்ளதும் இல்லாததும் செய்யும்போது துளி எள்கூடக் கலக்காமல் பார்த்துக்கொள்வது கடினம். சில ரொட்டி நிறுவனங்கள் என்ன செய்தன என்றால், முன்பு எள் இல்லாத ரொட்டியிலும் கொஞ்சம் எள் மாவைச் சேர்த்து, லேபிளிலும் போட்டுவிட்டன. சட்டம் மீறப்படவில்லை. ஆனால் ஒவ்வாமை உள்ளவர் சாப்பிடக்கூடிய ரொட்டி குறைந்துபோனது. விதியை எழுதுபவராக இருந்தால் நீங்கள் எப்படி எழுதியிருப்பீர்கள் என்று மாணவர்களைக் கேளுங்கள். இதற்கு எனக்கும் முடிந்த விடை கிடையாது. அதனால்தான் இதை நல்ல கேள்வி என்கிறேன்.

ஆய்வகம் இல்லை என்கிறீர்கள். இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பயிற்சிக்கு ஒரு வாளியும் மணிகளும் போதும். ஆயிரம் மணிகளில் பத்து மட்டும் சிவப்பு, மற்றவை வெள்ளை. சிவப்பு என்றால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி உள்ள பாக்கெட். அதாவது நூற்றில் ஒன்று கெட்டுப்போன பேட்ச். ஒவ்வொரு குழுவும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து மணி எடுக்கட்டும். சிவப்பு வராவிட்டால் பேட்ச் "பாஸ்". இருபது குழு எடுத்தால் பத்தொன்பது குழு வரை பாஸ் போட்டுவிடும். கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 0.99-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.95. சரி, அறுபது மணி எடுங்கள் என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கான பால் மாவில் சால்மொனெல்லாவுக்குக் கோடெக்ஸ் கேட்பது அப்படித்தான், 25 கிராம் வீதம் அறுபது மாதிரிகள், ஒன்றில்கூடக் கிருமி இருக்கக் கூடாது. உலகின் மிகக் கடுமையான மாதிரித் திட்டங்களில் ஒன்று. 0.99-ஐ அறுபது முறை பெருக்கினால் 0.55. நூற்றில் ஒன்று கெட்ட அந்த பேட்ச், நூறில் ஐம்பத்தைந்து முறை அப்போதும் தப்பித்துவிடும்.

மாணவர்களின் முகத்தைப் பாருங்கள். "சோதனை செய்து பார்த்தாச்சு, பாதுகாப்பானது" என்ற நம்பிக்கை அங்கே உடையும். உடைந்த பிறகு ஹாசப்பின் கதையைச் சொல்லுங்கள். 1960-களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும் வேலை பில்ஸ்பரி நிறுவனத்துக்கு வந்தது. நாசாவும் அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகமும் உடன் இருந்தன. முடிந்த பொருளைச் சோதித்தே உறுதி சொல்ல வேண்டும் என்றால், செய்ததில் பெரும்பங்கு சோதனைக்கே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அதனால் கடைசியில் பார்ப்பதை விட்டு ஒவ்வொரு படியையும் கட்டுப்படுத்தும் முறைக்குப் போனார்கள். ஹோவர்ட் பவ்மன் தலைமையில் உருவான அந்த முறை 1971-ல் பொதுவெளிக்கு வந்தது, கோடெக்ஸ் 1993-ல் வழிகாட்டியாக ஏற்றது. வாளியில் கைவிட்டுப் பார்த்த மாணவருக்கு இந்த வரலாறு தேதிப் பட்டியலாகத் தெரியாது.

சோதனையைப் பற்றிச் சொல்லும்போது, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருளை விட்டுவிடக் கூடாது. பாலில் புரதம் எவ்வளவு என்று பார்க்க நாம் நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை. 1883-ல் வந்த கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.38-ஆல் பெருக்குகிறோம். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைனைச் சேர்த்தால் நாலே கால் கிராம் பால் புரதம் இருப்பதுபோல் கருவி காட்டும். தண்ணீர் கலந்த பாலை நல்ல பால் என்று காட்ட இதுவே போதுமாக இருந்தது. 2008-ல் சீனாவில் சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். சிறுநீரகத்தில் கல். ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசே சொன்னது. அதற்கு முன்பு பாலில் மெலமைனை வழக்கமான சோதனைகளில் தேடவில்லை. கோடெக்ஸ் அளவு 2010-ல்தான் வந்தது: குழந்தைகளின் பால் மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். கெல்டால் செய்முறையை உங்கள் துறையில் ஏதோ ஒரு ஆய்வக வகுப்பில் எப்படியும் செய்வார்கள். அந்த வகுப்பின் ஆசிரியரோடு பேசி, அதே வாரத்தில் இந்தப் பாடத்தை வையுங்கள். வேதியியல் ஒரு பேப்பர், நுண்ணுயிரியல் ஒரு பேப்பர், சட்டம் ஒரு பேப்பர் என்று பிரித்து வைத்ததுதான் நம் படிப்புகளின் பெரிய குறை என்பது என் எண்ணம். ஏமாற்றுபவர் மூன்றையும் சேர்த்துத்தான் படித்திருக்கிறார்.

நடந்த சம்பவங்களைக் கதையாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். முடிவை மறைத்து வைத்துவிட்டு ஆவணத்தைக் கொடுங்கள். 1994-ல் அமெரிக்காவில் ஒரு ஐஸ்கிரீமால் ஏறத்தாழ 2,24,000 பேர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். கலவையை முறையாகப் பாஸ்டரைஸ் செய்திருந்தார்கள். மாணவர்களுக்கு ஆலையின் செயல்வரைபடத்தை மட்டும் கொடுத்து எங்கே பிழை என்று தேடச் சொல்லுங்கள். கலவை, வெப்பம், உறைய வைத்தல், பேக்கிங் எல்லாவற்றையும் குடைவார்கள், கிடைக்காது. பிழை இரண்டு கட்டங்களுக்கு இடையே இருந்த அம்புக்குறியில் இருக்கிறது. பாஸ்டரைஸ் செய்த கலவையை இன்னொரு ஆலைக்குக் கொண்டுபோன டேங்கர் லாரி, அதற்கு முன்பு பச்சை முட்டைக் கலவையை ஏற்றிப் போயிருந்தது. அன்றிலிருந்து உங்கள் மாணவர்கள் அம்புக்குறிகளையும் படிப்பார்கள்.

2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை ஓ104 என்ற கிருமி பரவியபோது நடந்தது வேறு வகைப் பாடம். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் என்று அறிவித்தார்கள். பிறகு அது இல்லை என்று தெரிந்தது. உண்மையான காரணம் வெந்தய முளைகள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் முளையைச் சொல்லவில்லை. சாலட்டின் மேல் தூவிய முளை யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஒரு உணவகத்தில் சாப்பிட்ட குழுக்கள் என்ன ஆர்டர் செய்தார்கள் என்று பார்த்து, அந்த உணவுகளில் என்னென்ன போட்டீர்கள் என்று சமையல்காரரிடம் கேட்டபோதுதான் வெளியே வந்தது. இதில் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வேலை ஒரு செய்திக் குறிப்பு. "மே மாதக் கடைசி வாரம், வெள்ளரிக்காய் மீது சந்தேகம், உறுதி இல்லை, மருத்துவமனைகள் நிரம்புகின்றன. பொதுமக்களுக்கு ஐந்து வரியில் எழுதுங்கள்." சொல்லாமல் இருந்தாலும் ஆள் சாகலாம், தவறாகச் சொன்னாலும் விவசாயி அழிவார். இடர் பற்றித் தொடர்புகொள்வது என்று சிலபஸில் ஒரு வரியாக இருக்கும் விஷயம் இதுதான்.

சட்ட உரையை வகுப்பில் படிக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு பக்கம் போதும். உங்கள் நாட்டுச் சட்டத்தின் ஏதேனும் ஒரு ஒழுங்குமுறையை எடுத்து, யாருக்குப் பொருந்தும், யாருக்கு விலக்கு, சொற்களுக்கு அது தரும் வரையறை என்ன, எந்தத் தேதி முதல் நடைமுறை என்று தேட வைக்கவும். திருத்தம் வந்திருக்கிறதா என்று அரசிதழில் சரிபார்க்கப் பழக்குங்கள். இன்று நீங்கள் நடத்தும் எண் மாணவர் வேலைக்குப் போவதற்குள் மாறியிருக்கலாம், தேடத் தெரிந்தவருக்கு அது பிரச்சினை ஆகாது.

மாதிரி ஆலை இல்லாததும் பெரிய தடையில்லை. பல்கலைக்கழக விடுதியின் சமையலறை இருக்கிறதே. முறையாக அனுமதி வாங்கி, அங்கே வேலை செய்பவர்களிடம் மரியாதையாகப் பேசி, நாலு பேர் குழுவாக ஒரே ஒரு உணவின் பாதையை வரைந்து வரச் சொல்லுங்கள். சமைத்த உணவு ஆறுவதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று வெப்பமானியோடு நின்று எழுதட்டும். மாணவர்கள் அங்கே சோதனை அதிகாரிகள் போல நடந்துகொள்ளக் கூடாது என்பதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பார்த்ததைப் படம் எடுத்து வெளியே பரப்புவதும் கூடாது. வியர்வையில் நிற்கும் சமையல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரியாதவர் நாளைக்கு நல்ல தணிக்கையாளர் ஆக முடியாது.

இப்போது தேர்வு. புத்தகத்தையும் சட்ட உரையையும் திறந்து வைத்தே எழுத விடுங்கள். கேள்வித்தாளோடு ஒரு பதிவேட்டுப் பக்கத்தை இணையுங்கள். மணி, வெப்பநிலை, ஓட்ட வேகம், கையொப்பம் என்று நான்கு பத்திகள். இரவு முழுக்க ஒவ்வொரு மணிக்கும் சரியாக 72.5, 72.5, 72.5. எல்லா அளவும் எல்லைக்கு மேலே, ஒரு மீறல்கூட இல்லை. "இந்தப் பேட்சை வெளியே அனுப்புவீர்களா? காரணம் சொல்லுங்கள்." சாதாரண மாணவர் அனுப்புவேன் என்பார். பாடத்தை வாங்கிக்கொண்டவர், ஓடும் இயந்திரத்தில் எட்டு மணி நேரம் ஒரே தசமம் வராது, இதை யாரோ ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், தானியங்கிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்பார். தணிக்கைக்குப் போகும் இடங்களில் நான் முதலில் தேடுவதும் இப்படி அசையாமல் நிற்கும் எண்களைத்தான். மதிப்பெண்ணை முடிவுக்குப் பாதி, காரணத்துக்குப் பாதி என்று போடாதீர்கள். காரணத்துக்கே பெரும்பங்கு கொடுங்கள். வகுப்பு பெரிது, திருத்த நேரம் இல்லை என்றால் விடையை ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துங்கள். நாலு வரியில் காரணம் சொல்லத் தெரிவதும் இந்த வேலைக்கு வேண்டிய திறன்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மாணவர்களில் பலர் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இளநிலை வேலைக்குப் போவார்கள். என்றாவது ஒருநாள் மேலாளர் வந்து, "ரிசல்ட் வர லேட்டாகும், லாரி நிக்குது, கையெழுத்துப் போடும்மா" என்பார். அதற்கு அவர்களைத் தயார் செய்யாமல் அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் 2008, 2009-ல் ஒரு வேர்க்கடலை நிறுவனத்தின் பொருள்களால் சால்மொனெல்லா பரவி 714 பேருக்கு நோய் உறுதியானது, ஒன்பது பேர் இறந்தார்கள். சோதனை முடிவு வருமுன்பே சரக்கு போயிருந்தது, பொய்ச் சான்றிதழ்கள் போயிருந்தன. வெளியிலிருந்து வந்த தணிக்கையில் அந்த ஆலைக்கு மிக நல்ல மதிப்பீடு கிடைத்திருந்தது. அங்கே 2011-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் புதிதாக வர இதுவும் ஒரு காரணம். 2015-ல் நிறுவனத் தலைவருக்கு 28 ஆண்டு சிறை. மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது அடுத்த வரியை: தர உறுதிப் பிரிவின் மேலாளருக்கும் 5 ஆண்டு சிறை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்ல வேண்டாம். எப்படி மறுப்பது என்று வகுப்பில் நடித்துப் பார்க்கட்டும். ஒருவர் மேலாளர், ஒருவர் புதிதாகச் சேர்ந்த ஊழியர். "முடியாது சார்" என்று மட்டும் சொன்னால் வேலைக்கே ஆபத்து. "சார், ரிசல்ட் காலைல பத்து மணிக்கு வந்துடும். அதுவரைக்கும் ஹோல்டுல வைக்கிறேன். இப்பவே அனுப்பணும்னா நீங்க எழுத்துல கொடுத்துடுங்க, நான் பதிவேட்டுல சேர்த்துடறேன்" என்று பணிவாகச் சொல்லத் தெரிந்தால், பெரும்பாலான மேலாளர்கள் லாரியைக் காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள். சிலர் சொல்ல மாட்டார்கள். அப்போது யாரிடம் போவது, உங்கள் நாட்டில் புகார் செய்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பதையும் அதே வகுப்பில் தேடிப் பார்க்க வையுங்கள். அதுவும் சட்டப் பாடம்தான்.

துறைத் தலைவர் சிலபஸ் முடியவில்லையே என்று கேட்கக்கூடும். சிலபஸை ஒரு பக்கத்திலும் நீங்கள் எடுத்த சம்பவங்களை மறுபக்கத்திலும் எழுதி, எந்தச் சம்பவத்தில் எந்த அலகு முடிந்தது என்று கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். மேலே சொன்ன சம்பவங்களிலேயே நுண்ணுயிர் ஆபத்து, வேதி ஆபத்து, ஒவ்வாமை, மாதிரியெடுப்பு, ஹாசப், கோடெக்ஸ், வர்த்தக ஒப்பந்தம், லேபிள், இடர்த் தொடர்பு எல்லாம் வந்துவிடுகின்றன. மீதி இருப்பவற்றைப் படித்து வரச் சொல்லிக் கொடுத்துவிடலாம். முதல் ஆண்டிலேயே அத்தனையையும் மாற்ற வேண்டியதில்லை. 71.4, மணி வாளி, பதிவேட்டுத் தேர்வு இந்த மூன்றை மட்டும் இந்த செமஸ்டரில் வையுங்கள். மற்றவை அடுத்த ஆண்டு சேரட்டும். உங்கள் பழைய மாணவிக்கு நேரம் இருந்தால் முதல் வகுப்புக்கு அழையுங்கள். அந்த இரவு கடைசியில் அவள் என்ன செய்தாள் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அதை அவளே வந்து சொல்லட்டும். அதற்கு முன்பு, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று மாணவர்கள் ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும்.